மாடிப்படியின் அடியில் ஒரு சைக்கிள்

தாம்பரம்–வேளச்சேரி சாலையை ஒட்டி, அடுக்கு வீடுகள் நெருங்கிவிட்ட ராஜகீழ்ப்பாக்கத்தில் வாடகைக்குக் குடிவரும் குடும்பஸ்தர், காருக்கும் ஸ்கூட்டருக்கும் போக எஞ்சும் மாடிப்படியின் அடியிலேனும் தம் சைக்கிளை நிறுத்திக்கொள்ள, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வீட்டுக்காரரின் சம்மதத்தைப் பெற்றுவிடுவது உத்தமம்.

பின்சக்கரத்து வளையப் பூட்டு சக்கரம் சுழலாமல் தடுக்குமேயன்றி, வண்டியைத் தோளில் தூக்கிச் செல்பவனைத் தடுக்காது. ஆகையால் ஃபிரேமையும் சக்கரத்தையும் சேர்த்து, சுவரில் பதிந்த ஜன்னல் கம்பியோடு கனத்த சங்கிலியால் பிணைப்பதே விவேகம். (சுவரில் கொக்கி அடிக்க எண்ணுபவர், வீட்டுக்காரரின் முகத்தை ஒருகணம் மனத்தில் நிறுத்திக்கொள்வாராக.) பெடல் அச்சுக்கு அடியில் பெரும்பாலும் பொறித்திருக்கும் எண்ணைக் குறித்து ரசீதோடு பத்திரப்படுத்தியவர், 2022 ஜனவரியில் உதயமான தாம்பரம் காவல் ஆணையரகத்தின் நிலையத்தில் புகார் எழுத நேர்ந்தால், ‘கறுப்புச் சைக்கிள்’ என்று மட்டும் சொல்லிவிட்டு விழிக்க வேண்டியதில்லை.