வட்டியில் வெட்டுப்படும் வரி: நிலையான வைப்பு வைத்திருப்போர் அறிய வேண்டியவை

தோட்டத்தில் முப்பது, முப்பத்தைந்து வருஷம் பேர் போட்டு உழைத்த ஒருவருக்குப் பெரிய தொகை என்று ஒன்று கைக்கு வருவது அநேகமாக ஒரே தடவைதான். வேலையை விட்டு நின்றதும் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் ஊழியர் சேமலாப நிதியை எடுக்கலாம். நம் சம்பளத்தில் நூற்றுக்கு எட்டும், நிர்வாகம் போடும் பன்னிரண்டும் சேர்ந்து வளர்ந்த காசு அது. அதோடு ஊழியர் நம்பிக்கை நிதியும், 1983ஆம் வருஷத்துச் சட்டப்படி வருஷத்துக்குப் பதினான்கு நாள் சம்பளம் என்று கணக்குப் பார்த்துக் கொடுக்கும் சேவைக்காலப் பணமும் வந்து சேரும்.

காசு வந்த செய்தி லயத்தில் பரவ ஒரு நாள் போதும். மகன் ஆட்டோ எடுக்கணும் என்பான். மருமகன் கொழும்பில் கடை போடலாம் என்பார். வட்டிக்குக் கொடுத்தால் மாசம் நூற்றுக்குப் பத்து வரும் என்று இன்னொருவர் வந்து சொல்வார். இதற்கெல்லாம் அசையாமல் காசை பேங்கில் நிலையான வைப்பாகப் போட்டு, மாசா மாசம் வட்டி எடுத்து மருந்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் செலவு செய்கிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர் உண்டு. அவர்கள் செய்தது நல்ல காரியம். ஆனால் 2025 ஏப்ரல் மாதத்துக்குப் பிறகு அவர்களில் பலர் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "வட்டி குறைஞ்சு வருதே, பேங்கில ஏமாத்துறாங்களா?"

பேங்க் ஏமாற்றவில்லை. அது வரி. ஆனால் அந்த வரியை நம்மில் பெரும்பாலானோர் கட்ட வேண்டியதே இல்லை. வெட்டாமல் இருக்கச் செய்ய வழி உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எங்கே போகிறது அந்தக் காசு?

வட்டி கொடுக்கும்போதே பேங்க் அதில் ஒரு பங்கைப் பிடித்து உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். இதற்கு முற்பண வருமான வரி என்று பெயர். 2018 ஏப்ரலில் இருந்து வேறொரு பெயரில் நூற்றுக்கு ஐந்து வெட்டினார்கள். 2020 ஜனவரியில் அதை நிறுத்தினார்கள். 2023 ஜனவரியில் மறுபடியும் நூற்றுக்கு ஐந்து கட்டாயமாக வந்தது. 2025 ஏப்ரல் 1ஆம் திகதி முதல் அது நூற்றுக்குப் பத்தாக ஏறியது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓய்வு பெற்ற ஓர் அம்மா 800,000 ரூபாயை நிலையான வைப்பில் போட்டிருக்கிறார். வட்டி வருஷத்துக்கு நூற்றுக்கு எட்டு என்று வைத்துக்கொள்வோம். (வட்டி வீதம் பேங்குக்கு பேங்க், காலத்துக்குக் காலம் மாறும், இது கணக்குக்காக மட்டும்.) வருஷ வட்டி 64,000 ரூபாய். மாசத்துக்கு ஏறக்குறைய 5,333. பத்தில் ஒரு பங்கு வெட்டினால் கைக்கு வருவது 4,800. வருஷத்தில் 6,400 ரூபாய் போய்விடுகிறது. ஒரு நாள் பேர் 1,750 ரூபாய் என்று பார்த்தாலும் இது மூன்றரை நாளுக்கு மேலான கொழுந்துச் சம்பளம். மலையேறி இறங்குகிற வயது தாண்டிய ஒருவரிடமிருந்து போகிற காசு.

இனி அந்த அம்மா வரி கட்ட வேண்டியவரா என்று பார்ப்போம். இலங்கையில் வசிக்கும் ஒருவருக்கு வருஷத்தில் 1,800,000 ரூபாய் வரை வருமான வரி விலக்கு உண்டு. 2025 ஏப்ரலுக்கு முன் இது 1,200,000 ஆக இருந்தது. அதாவது சம்பளம், வட்டி, வாடகை எல்லாம் சேர்த்து மாசத்துக்கு 150,000 ரூபாய்க்குள் இருந்தால் வரி இல்லை. நம் அம்மாவுக்கு வட்டி மட்டுமே வருமானம். 64,000 எங்கே, பதினெட்டு லட்சம் எங்கே! இன்னும் வேலை செய்கிறவர் கதையும் இதுதான். 1,750 ரூபாய்ப் பேரில் மாசம் 25 நாள், வருஷம் முழுக்க நிற்காமல் வேலை செய்தாலும் 525,000 ரூபாய். அதோடு வட்டியைக் கூட்டினாலும் எல்லையைத் தொடாது.

சட்டத்தின் வேலை இப்படி. பேங்குக்கு உங்கள் மொத்த வருமானம் தெரியாது. நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் எல்லோருக்கும் வெட்டுகிற மாதிரி உங்களுக்கும் வெட்டும். நீங்கள் எழுதிக் கொடுத்தால் வெட்டாது.

எழுதிக் கொடுப்பது எப்படி?

இதற்குச் சுயபிரகடனம் என்று பெயர். "இந்த வரி வருஷத்தில் என் மொத்த வருமானம் 1,800,000 ரூபாயைத் தாண்டாது" என்று நீங்களே கையொப்பமிட்டு உறுதி சொல்கிற ஒரு படிவம். வைப்பு இருக்கிற பேங்க் கிளையிலேயே கேட்கலாம். தேசிய அடையாள அட்டையையும் வைப்புச் சான்றிதழையும் கொண்டு போங்கள்.

படிவத்தில் வரி செலுத்துநர் இலக்கம் என்று ஓர் இடம் இருக்கும். டின் நம்பர் என்று பேங்கில் சொல்வார்கள். இதைக் கேட்டதும் சிலர் பயந்து திரும்பி வந்துவிடுகிறார்கள். "டின் எடுத்தா வரி கட்டச் சொல்லி வீட்டுக்கு வருவாங்களாம்" என்று ஒரு பேச்சும் தோட்டங்களில் உலாவுகிறது. அது சரியில்லை. டின் என்பது ஓர் இலக்கம், அவ்வளவே. வருமானம் எல்லைக்குள் இருக்கிறவருக்கு அது இருப்பதால் வரி வராது. இறைவரித் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகத்தில் எடுக்கலாம். இன்டர்நெட் வழியாகவும் எடுக்கலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. படித்த பிள்ளை வீட்டில் இருந்தால் போனிலேயே விண்ணப்பிக்கும்.

நம் ஆட்களுக்கு உண்மையில் இடைஞ்சல் வருவது பெயரில்தான். செக்ரோலில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் இன்னொன்று. "ராமாயி" ஓரிடத்தில் "ராமாய்" ஆகியிருக்கும். அப்பா பெயர் முன்னுக்கும் பின்னுக்குமாக நிற்கும். வைப்பும் டின் இலக்கமும் அடையாள அட்டையில் உள்ள பெயரிலேயே, ஓர் எழுத்தும் மாறாமல் இருக்கட்டும். சேமலாப நிதிக் காசை வாங்குகிற நேரத்திலேயே இதைச் சரிபார்த்து வைத்தால் பிறகு அலைச்சல் மிச்சம்.

இன்னும் இரண்டு விஷயம். பிரகடனம் ஒரு வரி வருஷத்துக்கானது. வரி வருஷம் ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது. ஆகவே வருஷா வருஷம் கொடுக்க வேண்டும். சித்திரை வருஷப்பிறப்புக்குச் சாமான் வாங்க டவுனுக்குப் போகும் நாளிலேயே முடித்துக்கொள்ளலாம். இரண்டு பேங்கில் வைப்பு இருந்தால் இரண்டிலும் கொடுக்க வேண்டும். படிவம் புரியாத மொழியில் இருந்தால் தமிழில் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கைநாட்டோ கையெழுத்தோ வைக்க வேண்டாம். பொய்யான பிரகடனம் குற்றம்.

ஏற்கெனவே வெட்டிய காசு? அதையும் திரும்பக் கேட்கலாம். எவ்வளவு வெட்டினோம் என்று பேங்கில் ஒரு சான்றிதழ் வாங்கி, இறைவரித் திணைக்களத்துக்கு வருமான விவரத்திரட்டு அனுப்பிக் கோர வேண்டும். கொஞ்சம் அலைச்சல் பிடித்த வேலை. முன்கூட்டியே பிரகடனம் கொடுப்பது இதைவிட எவ்வளவோ லேசு.

இந்தியாவில் உள்ள சொந்தங்கள் சொல்வது

1964ஆம் வருஷத்து ஒப்பந்தத்துக்குப் பிறகு நீலகிரிக்கும் மற்ற இடங்களுக்கும் போன சொந்தக்காரர்கள் நம்மில் பலருக்கு உண்டு. "ஐந்து வருஷத்துக்கு பேங்கில் போட்டால் வரி மிச்சம்" என்று அவர்கள் போனில் சொல்லக் கேட்டவர்களும் உண்டு. அது இந்தியச் சட்டத்தில் உள்ள சலுகை. நம் நாட்டில் நிலையான வைப்புப் போடுவதற்காக யாருக்கும் வருமான வரி குறைவதில்லை. ஐந்து வருஷத்துக்குப் பூட்டினாலும் மூன்று மாசத்துக்குப் போட்டாலும் வரி விஷயத்தில் ஒன்றுதான். ஆகவே வரிக்காக என்று சொல்லி நீண்ட காலத்துக்குப் போடச் சொன்னால் கேட்காதீர்கள். நமக்குள்ள வழி அந்தப் பிரகடனம் மட்டுமே.

எங்கே போடுவது?

வட்டி அரைவாசி, ஒரு வீதம் கூடுதலாகக் கிடைக்கிறதா என்று பார்ப்பதைவிட முதல் பத்திரமா என்று பார்ப்பது முக்கியம். தேசிய சேமிப்பு வங்கியில் போடும் காசுக்கு அரசாங்கமே முழு உத்தரவாதம். மற்ற உரிமம் பெற்ற வங்கிகளுக்கும் நிதிக் கம்பனிகளுக்கும் மத்திய வங்கியின் வைப்புக் காப்புறுதி உண்டு. நிறுவனம் விழுந்தால் ஒருவருக்கு 1,100,000 ரூபாய் வரை கிடைக்கும். அதற்கு மேல் உள்ளதற்குப் பொறுப்பில்லை. 2020 மே மாதம் த ஃபினான்ஸ் கம்பனியின் உரிமத்தை மத்திய வங்கி ரத்துச் செய்தபோது அன்றைய எல்லை 600,000 ரூபாயாக இருந்தது. அதற்குள் போட்டவர்கள் தப்பினார்கள். அதற்கு மேல் போட்டவர்கள் காத்துக் கிடந்தார்கள். உரிமமே இல்லாத இடத்தில் போட்டால் இந்தக் காப்பும் இல்லை. 2008இல் கோல்டன் கீ நிறுவனம் விழுந்தபோது அதுதான் நடந்தது. தோட்டத்துச் சீட்டுக்கும், மாச வட்டிக்குக் கைமாறாகக் கொடுக்கும் காசுக்கும் எந்தக் காப்புறுதியும் கிடையாது.

ஒளிக்காமல் ஒன்றையும் சொல்ல வேண்டும். நிலையான வைப்பு முதலைக் காப்பாற்றும். விலைவாசியிலிருந்து எப்போதும் காப்பாற்றாது. 2022 செப்டெம்பரில் பணவீக்கம் ஏறக்குறைய 70 சதவீதமாக இருந்தது. பேங்குகள் நூற்றுக்கு இருபதுக்கு மேல் வட்டி கொடுத்தும் காசின் பெறுமதி கரைந்தது. அதனால் வட்டி முழுவதையும் செலவு செய்யாமல் முடிந்ததை முதலோடு சேர்ப்பது நல்லது.

போடும் விதத்திலும் ஒரு யோசனை உண்டு. 800,000 ரூபாயை ஒரே சான்றிதழாகப் போடாதீர்கள். இரண்டு லட்சமாக நாலு சான்றிதழ் எடுங்கள். ஆஸ்பத்திரிச் செலவு, சாவு, கலியாணம் என்று ஒரு நெருக்கடி வந்தால் ஒன்றை மட்டும் உடைக்கலாம். தவணைக்கு முன் உடைத்தால் பேசிய வட்டி கிடைக்காது. ஏற்கெனவே வாங்கிய வட்டியைக்கூட முதலில் கழிப்பார்கள். உடைக்க மனமில்லை என்றால் அந்தச் சான்றிதழைப் பிணையாக வைத்து அதே பேங்கில் கடன் கேட்கலாம். தவணை முடிவதற்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது என்றால் அதுவே லாபம். கைச்செலவுக்கு இரண்டு மூன்று மாசத்துக் காசைச் சாதாரண சேமிப்புப் புத்தகத்தில் வைத்திருங்கள்.

வைப்புப் போடும்போதே பின்னுரித்தாளி பெயரைக் கட்டாயம் எழுதுங்கள். மறைந்த ஒருவரின் வைப்பை எடுக்க முடியாமல் பிள்ளைகள் கோர்ட்டுக்கும் கிராம சேவகரிடமும் நடையாய் நடப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த இடம் வெறுமையாக விடப்பட்டதுதான். பழைய வைப்பு வைத்திருப்பவர்களும் சான்றிதழைக் கொண்டு போய்க் கேட்டால் பேங்கில் பெயரைச் சேர்த்துக்கொள்வார்கள்.