தோளில் தூங்கிய குழந்தை பாயில் விழிப்பது ஏன்?

தோளில் கண்ணயர்ந்த குழந்தையை மெல்லக் கிடத்துகிறோம். முதுகு பாயைத் தொடுவதற்குள் வீல் என்று அழுகை! ஏன்?

ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தில் குமி குரோடா குழுவினர், 7 மாதத்துக்கு உட்பட்ட 21 குழந்தைகளின் இதயத்துடிப்பை அளந்தார்கள். முடிவு 2022இல் வெளிவந்தது. அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தால் துடிப்பு தணிகிறது. சும்மா உட்கார்ந்து வைத்திருந்தால் தணிவதில்லை. தாய் கவ்வித் தூக்கும் பூனைக்குட்டி அசையாமல் தொங்குமே, அந்த வகையான அனிச்சைச் செயல்தான் இதுவும்.

சரி, கிடத்தும்போது என்ன ஆகிறது? பாயில் படுவதற்கு முன்பே, அம்மாவின் உடம்பை விட்டு விலகத் தொடங்கும் கணத்திலேயே துடிப்பு எகிறுகிறது. உறக்கம் சற்று ஊறியிருந்தால்தான் அந்தப் பிரிவைத் தாங்கும்.

எனவே அவர்கள் சொல்லும் கணக்கு: 5 நிமிடம் நிற்காமல், சீரான நடை, தூங்கியதும் 5 முதல் 8 நிமிடம் மடியிலேயே, பிறகு படுக்கை. எல்லாக் குழந்தையும் 5 நிமிடத்தில் தூங்கிவிடாது என்பது வேறு விஷயம். நாம் கோட்டை விடுவது அந்த மடி நேரத்தில்தான். கண் மூடியதுமே நமக்கு அவசரம், அடுப்பில் பால் இருக்கிறதே!

கிடத்தும்போது மல்லாக்கவே கிடத்துங்கள். ஒரு வயது வரை அதுதான் பாதுகாப்பு.