பழைய குளிசைக்கு இன்னும் வேலை இருக்கிறது

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வெளிநாட்டில் உறவினர் இல்லாத தமிழ் வீடு குறைவு. வீட்டில் ஒருவரின் மனச்சோர்வு மருந்துக்குக் கேட்கவில்லை என்றால், லண்டனிலிருந்து ஒரு யோசனை வரக்கூடும்: "இஞ்ச மூக்குக்குள்ள அடிக்கிற புது மருந்து ஒண்டு இருக்கு."

அது எஸ்கெற்றமின். 2019 மார்ச்சில் அமெரிக்கா அனுமதித்தது. மற்றக் குளிசைகள் வேலைசெய்யப் பல வாரங்கள் எடுக்க, இது சிலருக்கு ஒரே நாளில் பலன் தருகிறது. 2023இல் வெளியான ஓர் ஆய்வில், வழக்கமான குளிசையோடு இதையும் பெற்றவர்களில் 27 வீதமானோர் எட்டாவது வாரத்தில் நோயிலிருந்து மீண்டிருந்தனர். அதற்குப் பதிலாகக் குவெற்றியாபின் என்ற வேறொரு மருந்தைச் சேர்த்துக்கொண்டவர்களில் அது 18 வீதம். முன்னேற்றம் மெய்தான். ஆனால் விலை அதிகம். இரத்த அழுத்தம் ஏறலாம், சுயநினைவு மங்கலாம் என்பதால் ஒவ்வொரு முறையும் குறைந்தது இரண்டு மணிநேரம் கண்காணிப்பில் இருக்க வேண்டும். செலவுக்கேற்ற பலன் உறுதியாகவில்லை என்று இங்கிலாந்தின் மருந்து மதிப்பீட்டு அமைப்பான நைஸ், அரச மருத்துவ சேவைக்கு இதை 2022இல் பரிந்துரைக்கவில்லை.

புது மருந்தைத் தேடுமுன், பழையது உண்மையில் தோற்றதா என்று பார்க்க வேண்டும். இரண்டு வெவ்வேறு மருந்துகளை, போதிய அளவில், போதிய வாரங்கள் எடுத்தும் குணமாகாவிட்டால்தான் அதை மருந்துக்குக் கேட்காத மனச்சோர்வு என்பார்கள். இரண்டாம் வாரத்தில் வாய் உலர்கிறது, நித்திரை தூக்குகிறது என்று குளிசையை நிறுத்தியிருந்தால், அந்த மருந்து தோற்றதாகக் கொள்ள முடியாது.

பழைய மனச்சோர்வுக் குளிசைகளில், 1957இல் அறியப்பட்ட இமிப்ரமின், 1961இல் வந்த அமிட்ரிப்டிலின் இரண்டும் மலிவானவை, பலனும் நிரூபிக்கப்பட்டது. ஆனால் அளவுக்கு மீறினால் இதயத்தைத் தாக்கும். ஆகவே குளிசைப் பெட்டி வீட்டில் பொறுப்பான ஒருவர் கையில் இருக்கட்டும். மனச்சோர்வு மருந்தோடு லித்தியம் சேர்த்தால் பலன் கூடும் என்பது 1981 முதல் தெரிந்தது. அதற்கு இரத்தப் பரிசோதனை கட்டாயம். கொழும்பு வெக்கையில் உடல் நீர் வற்றினாலும், மருந்துக்கடையில் தானாக வாங்கும் ஐபுபுரோபன், டைக்குளோபெனாக் போன்ற வலிக்குளிசைகளாலும் இரத்தத்தில் லித்தியம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம்.

இலங்கையில் 1971இல் உருவான அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் பேராசிரியர் சேனக பிபிலே, தேவையான மருந்து கட்டுப்படியாகும் விலையில் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்று பாடுபட்டவர். மனநோய்க்கும் அந்த நியாயம் பொருந்தும். புது மருந்து தேவைப்படுவோர் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது கிடைக்க வேண்டும். கிடைக்கும்வரை நம்பிக்கை இழக்கத் தேவையில்லை.

இதுவரை எடுத்த மருந்துகளின் பெயர், அளவு, எடுத்த காலம் மூன்றையும் எழுதி வைத்தியரிடம் கொடுங்கள். தானாக எதையும் நிறுத்தாதீர்கள். உயிரை மாய்க்கும் எண்ணம் வந்தால் காத்திருக்க வேண்டாம்: தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தை உடனே அழையுங்கள்.