டோக்கியோ திண்ணை – 12: சரீரம் என்றொரு சோறு

அம்மா அந்தத் துண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுற்றிலும் கறுப்பாகக் கடற்பாசித் தாள், உள்ளே வெள்ளைச் சோறு, நட்டநடுவில் பழுப்பு நிறத்தில் ஏதோ ஒன்று பளபளத்தது. பாதியைக் கடித்து மென்றார்.

“தம்பி, இது சுரைக்காய்ப்பா.”

ஆறு வருஷமாக அந்தக் கடைக்குப் போய்வருகிறேன். ‘கன்ப்யோ’ என்ற பெயர் தெரியும், இனிப்பும் உப்பும் கலந்த ருசி தெரியும். அது சுரைக்காய் என்பது மாயவரத்திலிருந்து வந்த அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

நாங்கள் குடியிருக்கும் நிஷி கசாய், டோக்கியோவின் கிழக்கு ஓரம். 2000-ஆம் ஆண்டுக் கணினிச் சிக்கலைச் சரிசெய்ய வந்த இந்திய மென்பொருள்காரர்கள் தங்கத் தொடங்கி, இன்று கறிவேப்பிலையும் உளுத்தம்பருப்பும் தடையில்லாமல் கிடைக்கிற பேட்டை. ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிஷ நடையில், ஒரு சலூனுக்கும் சலவைக்கடைக்கும் நடுவில் அந்தக் கடை இருக்கிறது. எட்டு நாற்காலி போட்ட மர மேடை, அதற்குப் பின்னால் பாய் விரித்த சின்ன அறை, வாசலில் நீலத் துணித்திரை. இந்த மாதிரிக் கடைக்கு இங்கே ‘மாச்சி சுஷி’ என்று பெயர். ஊர்க்கடை, தெருக்கடை என்று நாம் சொல்வோமே, அது. கடைக்காரரை எல்லோரும் ‘தைஷோ’ என்று கூப்பிடுகிறார்கள். தளபதி என்று அர்த்தம். அவர் மனைவி ஒகாமிசான். தைஷோவுக்கு இப்போது எழுபத்தைந்து வயது.

சுஷி என்றால் கின்ஸா பகுதியில் ஒரு வேளைக்கு முப்பதாயிரம், நாற்பதாயிரம் யென் வாங்கும் கடைகளைத்தான் உலகம் பேசுகிறது. எங்கள் தைஷோவிடம் மதியச் சாப்பாடு 1,200 யென். வரிசையில் நிற்க வேண்டாம், ஆறு மாதம் முன்பே பதிவு செய்ய வேண்டாம். திரையை விலக்கிக்கொண்டு நுழைந்தால் “இரஷ்ஷாய்!” என்று ஒரு குரல் வரும். சுடச்சுட ஈரத்துண்டு வரும். வாய் அகன்ற கனத்த கோப்பையில் பச்சைத்தேநீர் வரும்.

அம்மாவை அங்கே அழைத்துப் போவது லேசான காரியமாக இல்லை. “பச்சை மீன் திங்கிற இடத்துக்கு என்னை எதுக்குப்பா கூப்பிடறே?” என்று இரண்டு நாள் தட்டிக்கழித்தார். அம்மா சைவம். முதல் நாளே போய் தைஷோவிடம் விஷயத்தைச் சொன்னேன். கன்ப்யோவை எதில் வேகவைக்கிறார், உலர்ந்த கட்சுவோ மீன் சாறு சேருமா என்று கேட்டேன். சோயா சாஸ், சர்க்கரை, வேறொன்றும் இல்லை என்றார். அம்மா உட்கார்ந்ததும், மீன் வெட்டும் பலகையை ஓரமாகத் தள்ளிவிட்டு, உள்ளேயிருந்து வேறு பலகையும் வேறு கத்தியும் கொண்டுவந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சோற்றைத் தொட்டார். நான் அதைக் கேட்கவில்லை. அவராகவே செய்தார். அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அவருக்குக் கூச்சம் இல்லை.

கன்ப்யோ நம் சுரைக்காயின் நெருங்கிய சொந்தம். பூசணிக்காய் போல உருண்டு விளையும் சுரையை நீள ரிப்பனாகச் சீவி, வெயிலில் காயவைத்து எடுக்கிறார்கள். டோக்கியோவுக்கு வடக்கே தொச்சிகி மாவட்டம்தான் இதற்குப் பேர் போன இடம். 1712-இல் மினாகுச்சி என்ற ஊரிலிருந்து அங்கே மாற்றலாகி வந்த பிரபு ஒருவர் விதையைக் கொண்டுவந்தாராம். நாம் கொத்தவரை வற்றல், சுண்டைக்காய் வற்றல் போடுகிற மாதிரி அங்கே சுரை வற்றல். டோக்கியோவில் பழைய ஆட்கள் சுருள் சுஷி என்று சொன்னாலே இதைத்தான் நினைப்பார்கள். மற்றச் சுருள்களை ஆறாக வெட்டுவார்கள், கன்ப்யோவை மட்டும் நான்காக. துப்பாக்கிக் குழல் மாதிரி இருப்பதால் ‘தெப்போ’ என்று செல்லப்பெயர்கூட உண்டு.

இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சுஷி என்றால் பச்சை மீன் என்று நம்மில் பலர் முடிவு கட்டிவைத்திருக்கிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். சுஷி என்ற சொல்லுக்குப் புளிப்பானது என்று பொருள். புளித்த சோறு இருந்தால்தான் சுஷி. சோறில்லாத மீன் துண்டுக்கு சஷிமி என்று வேறு பெயர். மீன் இல்லாமல் சுஷி உண்டு, சோறு இல்லாமல் சுஷி கிடையாது.

அந்தப் புளிப்பு எங்கிருந்து வந்தது? பிவா ஏரிக்கரையில் இன்றும் ‘ஃபுனாசுஷி’ செய்கிறார்கள். ஏரியில் பிடித்த கெண்டை வகை மீனை மாதக்கணக்கில் உப்பில் போட்டு, பிறகு வடித்த சோற்றோடு அடுக்கடுக்காக மரத்தொட்டியில் அடைத்து, மேலே கல்லை ஏற்றி மறுபடியும் மாதக்கணக்கில் விட்டுவிடுவார்கள். சோறு புளித்து மீனைக் கெடாமல் காக்கும். மீனை எடுத்துக்கொண்டு கூழாகிப்போன சோற்றை வழித்துவிடுவார்கள். முதல் சுஷி இந்த வகைதான். அப்போது சோறு வெறும் காவல்காரன். நூற்றாண்டுகள் போகப்போக ஊறவைக்கும் காலம் குறைந்தது, சோற்றையும் சேர்த்துச் சாப்பிடும் வழக்கம் வந்தது. கடைசியில், புளிக்கட்டும் என்று காத்திருக்காமல் வினிகரையே சோற்றில் கலந்துவிட்டார்கள். 1804-இல் ஹந்தா என்ற ஊரில் நகானோ மதசாயெமோன் என்ற சாகே வடிப்பவர், மது பிழிந்து மிஞ்சிய சக்கையிலிருந்து சிவந்த வினிகர் காய்ச்சத் தொடங்கினார். விலை மலிவு. அன்று எதோ என்று அழைக்கப்பட்ட டோக்கியோவுக்கு அது கப்பல் கப்பலாகப் போனது. 1820-களில் அந்நகரின் ர்யோகொக்கு பகுதியில் ஹனயா யொஹெய் என்பவர் சோற்றைக் கையில் பிடித்து மேலே மீனை வைத்துக் கொடுத்த ‘நிகிரி’ பேர் பெற்றது. இன்று உலகம் தெரிந்துவைத்திருக்கும் சுஷி இதுதான். தள்ளுவண்டியில் நின்றபடி வாங்கி வாயில் போட்டுக்கொண்டு போகிற சாப்பாடு. அளவும் இப்போதுபோல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது.

தைஷோ சோறு கலக்குவதைக் கிட்டே நின்று பார்த்திருக்கிறேன். காலை பத்தரை மணி. வடித்த சோற்றை அகலமான மரத்தொட்டியில் கவிழ்க்கிறார். வினிகர், உப்பு, சர்க்கரை சேர்ந்த கலவையைக் கரண்டி வழியாகப் பரவலாகத் தெளிக்கிறார். மரத்துடுப்பைப் பக்கவாட்டில் பிடித்து, கத்தியால் கீறுவதுபோலச் சோற்றைக் கீறிக்கீறிப் புரட்டுகிறார். பிசைந்தால் குழைந்துவிடும். பக்கத்தில் ஒகாமிசான் விசிறியால் வீசுகிறார். ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாக மினுங்கத் தொடங்கும்போது நிறுத்துகிறார். அப்போது சோறு உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும். ஆறிப்போன சோற்றில் அவர் சுஷி பிடிப்பதில்லை. பிடிக்கும்போதும் விரல் அழுத்தம் வெளிப்பக்கம் மட்டும்தான், உள்ளே காற்று நிற்கும். கொழுக்கட்டை பிடிக்கிற மாதிரி அழுத்தினால் போச்சு. கையில் உடையக்கூடாது, நாக்கில் பட்டதும் உதிர வேண்டும்.

இந்தச் சோற்றை சுஷிக் கடைகளில் ‘ஷரி’ என்கிறார்கள். ஏன் அப்படி என்று ஒருநாள் கேட்டேன். தைஷோ ஈரக்கையால் மேடையில் இரண்டு எழுத்து எழுதிக் காட்டினார். புத்தரின் அஸ்திக்கு உள்ள பெயர் அது. வெள்ளைவெளேரென்ற பருக்கை அந்த எலும்புத் துகள்களைப் போல இருப்பதால் வந்ததாம். வடமொழிச் சொல் பௌத்தத்தோடு சீனா போய், அங்கிருந்து ஜப்பானுக்கு வந்து ஷரி ஆகியிருக்கிறது. “எங்கள் ஊரில் இதையே சரீரம் என்போம். உடம்பு என்று அர்த்தம்” என்றேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு “ஷரீராமு, ஷரீராமு” என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். அதிலிருந்து நான் போனாலே “இன்றைக்கு ஷரீராமு நன்றாக வந்திருக்கிறது” என்பார். சோறு உடம்பாகும், உடம்பு அஸ்தியாகும், அஸ்தியின் பெயர் மறுபடி சோற்றுக்கு. இந்தச் சொல்லை என்னால் லேசாகக் கடந்துபோக முடியவில்லை.

அம்மா வந்த அன்று இதன் இன்னொரு பக்கத்தையும் பார்த்தோம். தட்டிலிருந்த வெள்ளரிச் சுருளை நான் குச்சியால் எடுத்து நீட்ட, அம்மாவும் குச்சியைக் கற்றுக்கொண்ட உற்சாகத்தில் தன் குச்சியால் அதை வாங்கப் போனார். ஒகாமிசான் சத்தமில்லாமல் நடுவில் ஒரு சின்னத் தட்டை நீட்டிவிட்டார். இங்கே தகனம் முடிந்ததும் உறவினர்கள் இருவர் இருவராக நின்று, எலும்பைக் குச்சியால் எடுத்துக் குடத்தில் இடுகிறார்கள். காலில் தொடங்கித் தலையில் முடிப்பார்கள். அதனால் சாப்பாட்டில் குச்சியிலிருந்து குச்சிக்கு எதையும் மாற்றக்கூடாது. சொன்னதும் அம்மா சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். “நாமளும் காடாத்துக்கு எலும்பு பொறுக்குறோமே” என்றார் மெல்ல. அதற்குமேல் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. சுஷியைக் கையால் எடுத்தும் சாப்பிடலாம், அதுதான் தள்ளுவண்டிக் காலத்துப் பழக்கம் என்று தைஷோ சொன்னபோது அம்மா முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே!

மீனைப் பற்றியும் ஒரு வார்த்தை. டோக்கியோ சுஷிக்கு ‘எதோமாயே’ என்று பெயர். எதோவுக்கு முன்னால் உள்ள கடலில் பிடித்தது என்று பொருள். குளிர்பெட்டி இல்லாத காலம் என்பதால் மீனை அப்படியே வைத்தது குறைவு. கடல் விலாங்கை வேகவைத்தார்கள், இறாலை அவித்தார்கள், சூரையைச் சோயாவில் ஊறவைத்தார்கள். சூரையின் கொழுத்த வயிற்றுப் பகுதியை, இன்று ஆனைவிலை விற்கும் தோரோவை, பூனைகூடத் தாண்டிப் போகும் என்று ஒதுக்கினார்கள். தைஷோவின் கைவண்ணத்தைப் பார்க்க வேண்டுமென்றால் நான் கொஹதாதான் கேட்பேன். வெள்ளி மின்னும் சின்ன மீன். உப்பில் போட்டு, கழுவி, வினிகரில் ஊறவைக்க வேண்டும். மீனின் பருமன், கொழுப்பு, அன்றைய வெயில் எல்லாவற்றையும் பார்த்து நிமிஷக் கணக்கை மாற்றுகிறார். கடிகாரம் பார்த்து நான் கண்டதில்லை.

அந்த எதோ கடல் நாங்கள் குடியிருக்கும் இடத்துக்கு வெகு அருகில் இருந்தது. கசாய், மீனவர்களும் நோரிப் பாசி வளர்ப்பவர்களும் வாழ்ந்த கடலோர ஊர். ஒகாமிசான் அப்படிப்பட்ட வீட்டுப் பெண். குளிர்காலத்தில் பாசித் தாள்களைத் தட்டியில் ஒட்டிக் காயவைத்ததும், விடியலில் அப்பாவின் கை வெடித்திருந்ததும் அவருக்கு நினைவிருக்கிறது. தொழிற்சாலைக் கழிவும் கடலை நிரப்பும் வேலையும் பெருகி, 1962-இல் டோக்கியோவின் மீனவர் சங்கங்கள் மீன்பிடி உரிமையை விட்டுக்கொடுத்தன. பிறகு கடல் நிலமானது. ரயில் நிலையம் 1979-இல் திறந்தது.

தைஷோ வடக்கே அவொமொரிக்காரர். 1960-களில் நடுநிலைப்பள்ளி முடித்த கையோடு ரயிலேறி உவெனோவில் வந்து இறங்கிய ஆயிரக்கணக்கான பிள்ளைகளில் ஒருவர். முதல் மூன்று வருஷம் அரிசி கழுவுவதும் சைக்கிளில் போய்க் கொடுத்துவருவதும்தான் வேலை. தன் குருவிடம் கேட்ட ஒரு கதையை அடிக்கடி சொல்வார். போருக்குப் பின் உணவுப் பஞ்சம். 1947-இல் அரசு உணவுக் கடைகளை மூடச் சொல்லிவிட்டது. டோக்கியோ சுஷிக்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வாடிக்கையாளர் வீட்டிலிருந்து ஒரு ‘கோ’ அரிசி, அதாவது 180 மில்லி அளவு, கொண்டுவர வேண்டும். கூலி வாங்கிக்கொண்டு பத்து சுஷி பிடித்துக் கொடுப்பார்கள். மாவு மில்லுக்கு அரிசி கொண்டுபோகிற மாதிரி. சாப்பாடு விற்கவில்லை, கூலிக்கு வேலை செய்கிறோம் என்று கணக்கு. ஒரு ஆள் சாப்பாடு என்றால் பத்துத் துண்டு என்பது அப்படித்தான் நிலைத்தது.

இன்று அந்தப் பத்துத் துண்டை இயந்திரமும் பிடிக்கிறது. 1958-இல் ஒசாகாவை அடுத்த ஊரில் ஷிராஇஷி யொஷிஅகி என்பவர், பீர் ஆலையில் ஓடும் பட்டையைப் பார்த்துவிட்டு, தட்டுகள் சுற்றிவரும் முதல் சுஷிக் கடையைத் திறந்தார். சாதாரணச் சம்பளக்காரர் பிள்ளைகுட்டியோடு விலைக்குப் பயப்படாமல் சுஷி சாப்பிட வழி செய்த மனிதர் அவர், அதில் எனக்கு மரியாதை உண்டு. என் மகளுக்கும் அந்தக் கடைகள்தான் உயிர். அங்கேதான் சால்மன் கிடைக்கும். தைஷோ சால்மன் வைப்பதில்லை. ஒட்டுண்ணிப் புழுவுக்குப் பயந்து ஜப்பானியர் அதைச் சுட்டுத்தான் தின்றார்கள். 1980-களில் நார்வே தன் வளர்ப்பு சால்மனை இங்கே விற்க முனைந்த பிறகுதான் அது சுஷி மேல் ஏறியது. மகள் முகம் வாடினால் தைஷோ முட்டை சுஷியை இரண்டாக வைத்துத் தருவார்.

ஆனால் அந்தச் சுற்றும் தட்டுகளுக்கு நடுவே தெருக்கடைகள் ஒவ்வொன்றாக மூடுகின்றன. எங்கள் பேட்டையில் நான் வந்தபோது மூன்று இருந்தன, இப்போது இது ஒன்றுதான். தைஷோவின் மகன் ஒசாகாவில் கம்பெனி வேலையில் இருக்கிறார். “கடை என்னோடு சரி” என்கிறார் தைஷோ. அவர் கையிலிருக்கும் அந்த அழுத்தத்தை, உப்பு நேரத்தை எழுதிவைத்துக்கொள்ள முடியாது. பக்கத்தில் நின்று பத்து வருஷம் பார்க்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லை. எனக்கு இது பெரிய வருத்தம்.

டோக்கியோவுக்கு வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பேர் பெற்ற கடைக்குப் போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு மதியம் மட்டும், தங்கியிருக்கும் தெருவில் நீலத் திரை தொங்கும் சின்னக் கடையாகப் பார்த்து நுழையுங்கள். மேடையில் உட்காருங்கள். பாஷை தெரியாவிட்டால் ‘நமி’ என்று சொன்னால் போதும், சாதாரணச் சாப்பாடு என்று அர்த்தம். மீன் சாப்பிடாதவர்கள் ‘கன்ப்யோ மாகி’ என்று கேளுங்கள், எதில் வேகவைத்தது என்றும் தயங்காமல் கேட்டுக்கொள்ளுங்கள். சோயாவில் தோய்க்கும்போது மீன் பக்கத்தைத் தோயுங்கள், சோற்றைத் தோய்த்தால் உதிர்ந்துவிடும். புதன்கிழமை மட்டும் போக வேண்டாம். மீன் சந்தைக்குப் பல புதன்கிழமைகளில் விடுமுறை, இந்த மாதிரிக் கடைகளும் அன்று பெரும்பாலும் மூடியிருக்கும்.

(தொடரும்)