மலைநாட்டு மாணாக்கரும் கடலில் மூழ்கும் கலையும்

கொல்லிமலையில் எடப்புளி நாடு உள்ளிட்ட பதினான்கு நாடுகள் உள என்பதும், காரவள்ளியினின்று அம்மலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள என்பதும் நம் மாணாக்கருட் பலர் அறிந்தவையே. அவ்வளைவுகளில் பேருந்து ஏறும்போதும் இறங்கும்போதும் காது அடைத்துக்கொள்கிறது. எச்சிலை விழுங்கினால் 'டப்'பென்று திறந்துகொள்கிறது. நாள்தோறும் நிகழும் இச்சிறு நிகழ்ச்சியை யாரும் ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை. ஆயினும், கடலில் மூழ்கக் கற்போர்க்கு முதன்முதல் உரைக்கப்படும் பாடம் இதுவேயாம்.

இக்காலத்து மாணாக்கர் விடுமுறை வந்ததும் தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு அந்தமான், இலட்சத்தீவு, இலங்கை, சயாம் முதலிய இடங்களுக்குத் தீவு தீவாகச் செல்லத் துணிந்துவிட்டனர். சென்றவிடத்தில் நாலு நாள் தங்கி, 'ஸ்கூபா' என்னும் கருவியைப் பூண்டு கடலடியிற் சென்று வரவும் கற்றுக்கொள்கின்றனர். இது மிக நல்லதே. எனினும் மலைமேல் வீடுடைய மாணாக்கர், சமவெளியில் வாழும் தோழரினும் ஒரு விதியை அதிகமாக அறிந்திருத்தல் வேண்டும். அவ்விதி இன்னதென்று உரைப்பதே இவ்வியாசத்தின் நோக்கம். காரணம் விளங்காத விதியை இளைஞர் கைக்கொள்வதரிது. ஆகலின் காரணத்தை முதலிற் கூறுவோம்.

கடலில் மூழ்குதல் தமிழர்க்குப் புதிதன்று. கொற்கை முத்தின் புகழைச் சொல்ல வேண்டுவதில்லை. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தோர் கருவி ஒன்றும் உடையரல்லர். கனமான கல்லைக் கயிற்றிற் பிணைத்து, அதிற் காலை ஊன்றி, மூச்சை அடக்கி விரைந்து இறங்குவர். சிப்பிகளை வாரிக் கூடையிலிட்டுக் கயிற்றை அசைப்பர். படகில் இருப்பவன் மேலே இழுப்பான். அங்ஙனம் கயிறு பிடிப்பவன் மைத்துனனாகவே இருப்பான் என்பது கடற்கரையில் வழங்கும் செய்தி. தன் உடன்பிறந்தாளின் தாலிக்காகவேனும் அவன் கண்ணயரான் என்பது கருத்துப் போலும்! தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடைபெற்ற முத்துக்குளிப்பிற்குப் பின் சிப்பி வளம் குன்றியதால் அத்தொழில் நின்றுபோயிற்று. சங்கு குளித்தல் மட்டும் இன்றும் உண்டு.

மூச்சை அடக்கி மூழ்குவோன் ஓரிரண்டு நிமிடத்துள் மீள வேண்டும். நீரின் கீழும் மூச்சு விடுதற்கு வழி கண்டவர் பிரான்சு நாட்டுக் கடற்படை அதிகாரி கூஸ்தோ என்பவரும், காஞ்ஞான் என்னும் பொறியாளரும் ஆவர். யுத்த காலத்தில் பெட்ரோல் கிடையாமையால் மோட்டார் வண்டிகளை வாயுவால் ஓட்டுவதற்குக் காஞ்ஞான் ஓர் அடைப்பானைச் செய்திருந்தார். அதனையே திருத்தி, மூழ்குவோன் மூச்சை உள்ளிழுக்கும்போது மட்டும் சிலிண்டரினின்று காற்று வருமாறு 1943ஆம் ஆண்டில் இருவரும் அமைத்தனர். இதற்கு 'ரெகுலேட்டர்' என்று பெயர். இதன் நுட்பம் யாதெனில், மூழ்குவோன் எவ்வாழத்தில் இருக்கின்றானோ அவ்வாழத்து நீரின் அழுத்தத்திற்குச் சமமான அழுத்தத்தில் காற்றைத் தருவதே. அவ்வாறன்றி மேலே உள்ள சாதாரணக் காற்றைக் குழாய் வழியே இழுப்பதாயின், ஒரு மீட்டர் ஆழத்திலேயே மார்பு விரியாது தவிக்க நேரும்.

இனி அழுத்தத்தைப் பற்றிச் சிறிது கூறுவோம். கடல் மட்டத்தில் நம் உடலின்மேல் உள்ள காற்றின் அழுத்தத்தை ஒரு 'அட்மாஸ்பியர்' என்பர். கொல்லிமலையின் உயரம் ஏறக்குறைய 1,000 முதல் 1,300 மீட்டர். அவ்வளவு உயரம் ஏறுவதால் காற்றழுத்தம் ஏழில் ஒரு பங்கே குறைகிறது. காற்றைவிட நீர் எண்ணூறு மடங்கு கனமானது. கடலில் 10 மீட்டர் இறங்கினால் முழுதாக ஓர் அட்மாஸ்பியர் கூடிவிடும். கணக்கிட்டுப் பார்த்தால், கடற்கரையினின்று கொல்லிமலை உச்சி வரை சென்று காணும் அழுத்த வேறுபாடு, கடலில் ஒரு மீட்டரும் நாற்பது செண்டிமீட்டரும் இறங்குவதற்கே சமம். மலைவழி முழுதும் கழுத்தளவு நீருக்குள் அடங்கிவிட்டதன்றோ! பேருந்து மெதுவாக ஏறுவதால் அவ்வழியிற் காதிற்கு அவகாசம் உண்டு. நீரிலோ, ஒரு நொடியிற் கழுத்தளவு இறங்கிவிடலாம். ஆகவே மூழ்குவோன் வலி தோன்றுமுன்னரே மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதி, நடுச்செவிக்குக் காற்றைச் செலுத்துதல் வேண்டும். மீட்டர்தோறும் இதனைச் செய்ய வேண்டும். வலித்த பின் முயன்றால் திறவாது. சற்று மேலேறி மீண்டும் முயல வேண்டும். சளி பிடித்திருக்கும் நாளில் மூழ்கவே கூடாது.

செவியினும் அஞ்சத்தக்கது நுரையீரல். அழுத்தம் இரட்டித்தால் வாயுவின் கன அளவு பாதியாகும் என்ற பாயில் விதியை நாம் சோதனைச் சாலையிற் கற்கிறோம். பத்து மீட்டர் ஆழத்தில் சிலிண்டர்க் காற்றை நெஞ்சு நிறைய இழுத்து, அதனை அடக்கியபடியே மேலே வருவானாயின், அக்காற்று இரு மடங்காக விரியும். நுரையீரல் அதனைத் தாங்காது. 'ஒருபோதும் மூச்சை அடக்காதே' என்பதைப் பயிற்சியாளர் மந்திரம்போல் ஓதுவதன் காரணம் இதுவே. முத்துக்குளிப்போனுக்கு மூச்சடக்குதலே உயிர். ஸ்கூபா அணிந்தவனுக்கு அதுவே கேடு. ஏனெனில், முன்னவன் கொண்டுசென்ற காற்று மேலே இழுத்த காற்று. ஆழத்திற் சுருங்கி, மேலே வரும்போது பழைய அளவையே அடையும்.

பயிற்சியின் முதற்படி பெரும்பாலும் மூன்று நான்கு நாட்களில் முடிகிறது. முதலிற் பாடமும், பின்னர் ஆழமற்ற நீரிற் பழக்கமும், முடிவில் திறந்த கடலில் நான்கு முறை மூழ்குதலும் உண்டு. தேறியவர் தோழர் ஒருவருடன் 18 மீட்டர் வரை இறங்கலாம். 200 மீட்டர் நீந்தவும், பத்து நிமிடம் நீரில் மிதக்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை. மலைநாட்டு மாணாக்கர் இதனைக் கவனிக்க: ஆகாய கங்கை அருவியில் எத்தனை முறை நீராடியிருப்பினும் அது நீச்சலாகாது. ஊரிலுள்ள கிணற்றிலோ குளத்திலோ, தெரிந்தவர் ஒருவர் துணையுடன் முன்னதாகவே பழகிக்கொள்ளல் நலம். இழைப்பு நோய், இருதய நோய் உடையோர் மருத்துவரைக் கேளாமல் இதில் இறங்கலாகாது. அதற்கெனத் தரப்படும் தாளில் உண்மையை மறைத்து எழுதுவோர் சிலர் உளர். பணம் கட்டிவிட்டோமே என்ற ஆதங்கம் அவர்களை அங்ஙனம் செய்விக்கிறது.

கற்பிப்பவற்றுள் மிகவும் அச்சந்தருவது கண்ணாடிக்குள் நீரை வேண்டுமென்றே புகவிட்டு, மூக்கால் ஊதி வெளியேற்றுதல். கண்ணும் மூக்கும் நீரில் இருக்க, வாயால் மட்டும் அமைதியாக மூச்சு விடவேண்டும். இரண்டாம் நாளில் இது எளிதாகிவிடும். நீரின் கீழ்ப் பேச முடியாமையால் கைச்சைகைகளும் கற்பிக்கப்படும். கட்டைவிரலை உயர்த்துவது நிலத்தில் 'நன்று' என்பதற்கு அடையாளம். நீரின் கீழோ, 'மேலே செல்வோம்' என்பதே அதன் பொருள். மகிழ்ச்சி மிகுதியாற் கட்டைவிரலைக் காட்டிய மாணாக்கனைப் பயிற்சியாளர் உடனே மேலே அழைத்துச் சென்றுவிடுவார்!

அந்தமானில் ஹேவ்லாக் என வழங்கி, 2018இல் சுவராஜ் தீவு என்று பெயர் மாற்றப்பெற்ற தீவே நம் நாட்டில் இக்கலைக்கு மிகவும் பெயர் பெற்றது. சென்னையினின்று கப்பலிலும் விமானத்திலும் தலைநகர் சென்று, அங்கிருந்து வேறு படகில் அதனை அடையலாம். இலட்சத்தீவிற்கு முன்னதாக அனுமதிச் சீட்டு வேண்டும். இலங்கையில் திருக்கோணமலைக்கு வடக்கே நிலாவெளிக் கரைக்கு எதிரில் புறாத் தீவு உளது. புதுச்சேரியிலும் பயிற்சி நிலையங்கள் உள. நம் மன்னார் வளைகுடாத் தீவுகள் 21உம் 1986 முதல் கடற்பூங்காவாகக் காக்கப்படுதலின் அங்கே விருப்பம்போற் செல்ல இயலாது.

கடலடிக் காட்சியைப் பற்றிப் பல கூறலாம். கீழே செல்லச் செல்லச் சிவப்பு நிறமே முதலில் மறைகிறது; விளக்கைக் காட்டினால் மட்டும் மங்கிய பாறை சட்டென்று செந்நிறங் காட்டும். மீன்கள் உண்மையிலும் பெரியனவாகவும் அருகிலுள்ளனவாகவும் தோன்றும். மூச்சை இழுத்தால் உடல் சற்று எழும். விட்டால் சற்றுத் தாழும். இதனைக் கொண்டே நீர் நடுவில் அசையாது நிற்கக் கற்பதுதான் இக்கலையின் முழுமை என்பது எமது கருத்து. அது கைவராதோர் காலை உதைத்துப் பவளப் பாறைகளை முறிப்பர். திரண்டு வளரும் பவளவினங்கள் ஆண்டிற்கு ஒரு செண்டிமீட்டர் அளவே வளர்வன. 2010இல் கடல் நீர் வெப்பமுற்றதால் அந்தமான் பவளங்கள் வெளுத்துப் பெருஞ்சேதமுற்றன. எஞ்சியவற்றையேனும் மிதியாதிருக்கலாம்.

இப்பொழுது முதலிற் கூறிய விதிக்கு வருவோம். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன் என்னும் வாயு. ஆழத்தில் மிகுந்த அழுத்தத்துடன் மூச்சு விடுங்கால் இவ்வாயு இரத்தத்திலும் தசையிலும் சிறிது சிறிதாகக் கரைகிறது. சோடாப் புட்டியில் வாயு கரைந்திருப்பதை ஒப்ப இது நிற்கும். புட்டியை மெல்லத் திறந்தால் சிறிதே நுரைக்கும். சட்டெனத் திறந்தால் பொங்கி வழியும். மூழ்குவோனும் மெதுவாக மேலே வந்தால் வாயு மூச்சின் வழியே கழிந்துவிடும். விரைந்து வந்தால் உடலுக்குள்ளேயே குமிழாகும். மூட்டு வலி, தோல் அரிப்பு, மரமரப்பு, சில வேளை கைகால் விழுதல் ஆகியவை அதன் குறிகள். இதற்குக் காரணம் நைட்ரஜன் குமிழே என்பதைப் பிரான்சு நாட்டு பால் பெர் 1878இல் விளக்கினார். இங்கிலாந்து நாட்டு ஹால்டேன் ஆடுகளை அழுத்த அறையில் அடைத்து ஆராய்ந்து, படிப்படியாக மேலே வரும் முறையை 1908இல் வெளியிட்டார். இன்றும் நிமிடத்திற்கு 9 மீட்டருக்கு மேற்படாமல் எழுந்து, 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் தங்குவது வழக்கம்.

ஆனால் நீருக்கு வெளியே வந்தவுடன் வாயு முழுதும் கழிந்துவிட்டதென்று எண்ணலாகாது. பல மணி நேரம் அது உடலில் தங்கியிருக்கும். அந்நேரத்தில் காற்றழுத்தம் குறைந்த உயரத்திற்குச் சென்றால், புட்டியின் மூடி இரண்டாம் முறை திறக்கப்பட்டதாகும். இதனாலேயே மூழ்கிய அன்று விமானம் ஏறலாகாது என்கின்றனர். மூழ்குவோர் நலம் பேணும் 'டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்' என்னும் சங்கம், ஒருமுறை மட்டும் மூழ்கியவர் 12 மணி நேரமும், பலமுறை மூழ்கியவர் 18 மணி நேரமும் காத்திருக்க வேண்டுமென்று கூறுகிறது. 600 மீட்டர் முதல் 2,400 மீட்டர் வரையுள்ள உயரத்தைக் கருதியே இது சொல்லப்பட்டது. விமானத்தின் பெயர் மட்டும் பலகையில் எழுதப்பட்டிருப்பதால், மலைப்பாதையும் இதில் அடங்கும் என்பதைப் பலர் நினைப்பதில்லை. எடப்புளி நாடும், ஏற்காடும், உதகையும், கோடைக்கானலும் 600 மீட்டருக்கு மேற்பட்டவையே. பெங்களூரும் அங்ஙனமே.

புதுச்சேரியிற் காலையில் இருமுறை மூழ்கிய மாணாக்கன் ஒருவன், பேருந்து பிடித்து அன்றிரவே சோளக்காடு சேர்ந்துவிட முடியும். வழியில் அவனுக்கு யாதொரு துன்பமும் தோன்றாது; எழுபதாம் வளைவைக் கடந்து வீட்டிற் படுத்தபின் தோள் மூட்டு வலிக்கத் தொடங்கலாம். பை சுமந்ததால் வந்த வலியென்று தைலம் தேய்த்துக்கொண்டு உறங்குவான். அது தைலத்தால் தீரும் வலியன்று. அங்ஙனம் நேரின் உடனே மலையினின்று இறங்கி, மூழ்கிய செய்தியை மருத்துவரிடம் தவறாமற் சொல்லி, பிராணவாயு பெறுதல் வேண்டும். இந்நோய்க்குரிய அழுத்த அறையோ எல்லா ஊரிலும் கிடைப்பதன்று.

ஆகலின் காலை 11 மணிக்குக் கடைசியாக நீரினின்று வெளிவந்தவர், மறுநாள் காலை 5 மணிக்கு முன் மலையேறலாகாது. முழுதாக 24 மணி காப்போரும் உளர். நாமும் அதனையே சொல்வோம். அவ்விரவை நாமக்கல்லில் நண்பர் வீட்டில் தங்கிக் கழிக்கலாம். நண்பகலுக்கு மேல் சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளிக்குச் செல்லும் பேருந்தில் ஏறினால், பொழுது சாயுமுன் வீடு போய்ச் சேரலாம்.