செத்துப்போனது வானொலியல்ல!

மாலை நேரம். பாட்டி வழக்கம்போல் வானொலிப் பெட்டியைத் திருகுகிறார். விளக்கு எரிகிறது, சத்தமில்லை. பேட்டரியை மாற்றிப் பார்க்கிறார். அப்போதும் மூச்சுப் பேச்சில்லை. "பழசாப் போச்சு பாட்டி, தூக்கிப் போடுங்க. வேற வாங்கிக்கலாம்" என்கிறான் பேரன். நேற்றிரவு அதே பெட்டியில் இயர்போன் மாட்டி அரைமணி நேரம் பாட்டுக் கேட்டவன் அவன்தான்!

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி பழைய சாமான்காரரிடம் போயிருக்கலாம். அந்த வானொலி சாகவில்லை. அதன் பக்கவாட்டில் இருக்கும் சின்னஞ்சிறு துளைக்குள், விரல்நகம் அளவுகூட இல்லாத ஒரு தகடு தன் இடத்துக்குத் திரும்ப மறந்துவிட்டது. அவ்வளவுதான்!

அந்தத் துளைக்குப் பெயர் ஜாக். அதில் செருகும் கம்பி முனைக்குப் பெயர் பிளக். நாள்தோறும் பயன்படுத்தும் இதைப் பற்றிச் சற்றே தெரிந்துகொண்டால் நம் பணம் மிச்சமாகும்.

துளைக்குள் என்ன இருக்கிறது?

இயர்போன் பிளக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். கறுப்புக் கோடுகள் அதை மூன்று பகுதிகளாகப் பிரித்திருக்கும். நுனி இடக்காதுக்கு, நடு வளையம் வலக்காதுக்கு, அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான திரும்பும் வழி. பேசும் வசதியுள்ள இயர்போனில் நான்காவதாக ஒரு பகுதியும் இருக்கும். அது மைக்குக்கு.

ஜாக்கினுள் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வில்தகடு காத்திருக்கிறது. பிளக் நுழைந்ததும் அது அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. வானொலி ஜாக்கில் கூடுதலாக ஒரு வேலையும் உண்டு. பிளக் இல்லாதபோது வில்தகடு இன்னொரு தகட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஒலி அந்த வழியாக ஸ்பீக்கருக்குப் போகும். பிளக் நுழைந்தால் தகடுகள் விலகும், ஸ்பீக்கர் அடங்கும். பிளக்கை எடுத்ததும் தகடுகள் மறுபடியும் ஒட்ட வேண்டும். தகடு தளர்ந்தாலோ, இடையில் பாசியோ தூசியோ படிந்தாலோ ஒட்டாது. பாட்டியின் வானொலிக்கு வந்த நோய் இதுதான். கைப்பேசியில் இயர்போனை எடுத்த பிறகும் திரையில் இயர்போன் படம் மறையாமல் நிற்பதும் பெரும்பாலும் இதே இனத்து நோய்தான்.

கத்தியிலிருந்து வந்த பெயர்

1878-ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் முதல் வணிகத் தொலைபேசி நிலையம் திறக்கப்பட்டது. ஒருவர் பேச விரும்பினால் நிலையத்தில் இருப்பவர்தாம் கையால் இணைப்புக் கொடுக்க வேண்டும். சந்தாதாரர்கள் பெருகப் பெருக, விரைவாகச் செருகி எடுக்கக்கூடிய இணைப்பு தேவைப்பட்டது. வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் சார்ல்ஸ் ஸ்கிரிப்னர் அத்தகைய ஒன்றை வடிவமைத்தார். அது மடக்குக் கத்தியைப் போலிருந்ததால் ‘ஜாக்-நைஃப்’ என்றார்கள். கத்தி உதிர்ந்தது; ஜாக் மட்டும் நிலைத்தது.

நாள் முழுவதும் செருகியும் பிடுங்கியும் பழகிய அந்த நிலையங்களில் இணைப்பு பழுதானால் ஊரே பேச முடியாது. ஆகவே ஜாக் உறுதியாகவே பிறந்தது. அன்றைய 6.35 மில்லிமீட்டர் பிளக் இன்றும் கிட்டார், கீபோர்டு ஆகியவற்றில் இருக்கிறது. டிரான்சிஸ்டர் வானொலி வந்த பிறகு அது 3.5 மில்லிமீட்டராகச் சுருங்கியது. 1979-இல் ஜப்பானில் வெளியான முதல் வாக்மேனில் இப்படிப்பட்ட துளைகள் இரண்டு இருந்தன, இருவர் சேர்ந்து கேட்பதற்காக!

உருவம் சுருங்கச் சுருங்க, உறுதியைக் காப்பது கடினமாயிற்று.

நல்ல ஜாக்குக்கு மூன்று இலக்கணம்

முதலாவது, அழுத்தம். நம் தோட்டத்துப் பால்வெட்டுக்காரரைக் கேளுங்கள். கத்தி மேலாகப் போனால் பால் வராது. ஆழமாகப் போனால் மரம் காயப்படும். வில்தகடும் அப்படித்தான். அழுத்தம் குறைந்தால் கரகரப்பு, மிகுந்தால் தேய்மானம். இரும்பை வளைத்தால் துருப்பிடிக்கும். வெறும் செம்பை வளைத்தால் திரும்பி வராது. அதனால்தான் பாஸ்பர் வெண்கலம் போன்ற, வளைந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பும் உலோகக் கலவையை நாடுகிறார்கள்.

இரண்டாவது, பூச்சு. வியர்வையும் ஈரக்காற்றும் நிறைந்த நம் ஊரில் உலோகத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத படலம் விரைவில் படியும். தங்கத்தில் படியாது. ஆகவே நல்ல ஜாக்கில் நிக்கல் பூச்சின்மேல் மிக மெல்லிய தங்கப் பூச்சு இருக்கும். ஆனால் மஞ்சள் நிறமெல்லாம் நல்ல பூச்சென்று நம்பிவிடாதீர்கள். மிகவும் மெல்லியதாக இருந்தால் சில மாதங்களில் தேய்ந்துவிடும். சாதாரண ஜாக்கை 5,000 அல்லது 10,000 முறை செருகி எடுக்கலாம் என்று கணக்கிட்டுச் செய்கிறார்கள். நாளுக்குப் பத்து முறை என்றால் 5,000 முறை 500 நாளில் தீர்ந்துவிடும்!

மூன்றாவது, பிடிமானம். பிளக் மாட்டிய கைப்பேசியைச் சட்டைப் பையில் திணிக்கிறோம். கீழேயும் போடுகிறோம். அப்போது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பிளக் ஒரு கடப்பாரைபோல் நெம்புகிறது. அந்தப் பலமெல்லாம் ஜாக்கைப் பலகையோடு இணைக்கும் ஈயப் பற்றில் விழுந்தால் அது வெடித்துவிடும். நல்ல வடிவமைப்பாளர் ஜாக்கை மரையால் பெட்டியின் சுவரோடு இறுக்குவார். அல்லது அதன் முளைகளைப் பலகைக்குள் இறக்கிப் பொருத்துவார். இடி சுவருக்குப் போகும், ஈயம் பிழைக்கும்.

இதெல்லாம் நம்மவருக்கு அந்நியமான கலையன்று. 1972-இல் பினாங்கு பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கிய பிறகு, தோட்டத்துப் பெண்களும் தொழிற்சாலை பஸ் ஏறி மின்னியல் வேலைக்குப் போனார்கள். 1996-இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. உங்கள் அக்காவோ அத்தையோ மைக்ராஸ்கோப்பில் கண்பதித்து ஈயப் பற்றைச் சோதித்தவராக இருக்கலாம். அவரிடம் பழைய பெட்டியைக் காட்டிப் பாருங்கள். குறையைச் சட்டென்று சொல்லிவிடுவார்!

பாடகர் எங்கே போனார்?

சில நேரம் இயர்போனில் இசை கேட்கும். பாடகர் குரல் மட்டும் எங்கோ கிணற்றுக்குள் கேட்பதுபோல் மங்கிவிடும். மாயமில்லை. பாடகர் குரலைப் பெரும்பாலும் இரு காதுக்கும் சமமாகவே பதிவு செய்கிறார்கள். பொதுவான திரும்பும் வழி அறுந்தால் இரண்டு பக்கத்திலும் சமமாக உள்ளது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துபோகும். வேறுபட்ட இசை மட்டும் மிஞ்சும். பிளக்கை முழுவதும் அழுத்திச் செருகுங்கள். அப்படியும் சரியாகவில்லையென்றால் வேறோர் இயர்போனை மாட்டிப் பாருங்கள். பேசும் வசதியுள்ள இயர்போனில் மைக்கின் இடமும் பொது வழியின் இடமும் மாறியமைந்த இரு வகைகள் உண்டு. வகை பொருந்தாவிட்டாலும் இதே கோளாறு வரும். கைப்பேசியைக் குறை சொல்லிப் பயனில்லை.

நீங்கள் செய்ய வேண்டியவை

பிளக்கைப் பிடித்து இழுங்கள். வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். பெட்டியை அணைத்துவிட்டு, பிளக்கைப் பத்துப் பன்னிரண்டு முறை செருகி எடுங்கள். படிந்த பாசி உராய்ந்து நீங்கி, மௌனமான பல வானொலிகள் இதிலேயே வாய் திறந்துவிடும். துளையில் பஞ்சு அடைத்திருந்தால் மெல்லிய உலர்ந்த தூரிகையால் எடுங்கள். ஊக்கோ கொண்டை ஊசியோ விட்டால் வில்தகடு வளைந்துவிடும். கோயில் திருவிழாவில் கீபோர்டு வயரைப் பிடுங்குமுன் ஆம்பிளிஃபயர் சத்தத்தைக் குறையுங்கள். பிளக் வெளிவரும்போது அதன் பகுதிகள் தகடுகளில் மாறிமாறி உரசும்; அந்த வெடிச் சத்தம் ஸ்பீக்கரைக் கெடுக்கும்; சாமி கும்பிட வந்தவரையும் கலங்கடிக்கும்.

2016-இல் ஐபோன் 7 இந்தத் துளையை விட்டுவிட்டது. மற்றும் பல கைப்பேசிகள் பின்தொடர்ந்தன. ஆனால் விலை குறைந்த கைப்பேசி, மடிக்கணினி, வானொலி ஆகியவற்றில் ஜாக் இன்னும் வாழ்கிறது. 2020-இல் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது, நெருக்கமான லயத்து வீட்டில் ஒரு பிள்ளை பாடம் கேட்க இந்தத் துளை எவ்வளவு உதவியது என்பது பெற்றோருக்குத் தெரியும். அது பழுதானபோது புதுக் கைப்பேசிக்குக் கடன் வாங்கிய வீட்டுக்கு அதன் விலையும் தெரியும்.

பழுதென்றதும் தூக்கியெறியும் முன் திறந்து பார்க்கத் தெரிந்த ஒரு பிள்ளை ஒவ்வொரு வீட்டிலும் இருந்தால் எவ்வளவு நன்மை! அப்படி ஆர்வமுள்ள பிள்ளையைத் திட்டாதீர்கள். ஒரு சோல்டர் கட்டையை வாங்கிக் கொடுத்து, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கச் சொல்லிப் பழக விடுங்கள். மேற்கொண்டு படிக்க நம் மாநிலத்திலேயே ஜித்ராவிலும் கூலிமிலும் பாலிடெக்னிக்குகள் இருக்கின்றன.

பாட்டியின் வானொலியை இன்றைக்கே எடுங்கள். பத்து முறை செருகி எடுங்கள். அது பாடினால், பேரனைக் கூப்பிட்டுக் கேட்கச் சொல்லுங்கள்!