கைத்தொலைபேசியில் ஒரு சமையற்கட்டு

"வாவிக்கரையில் பிறந்த பெண்ணுக்கு இறால் சொதி வைக்கவும் ஓர் ஆசிரியர் வேண்டுமோ?" என்று நகைப்போர் நகைக்கட்டும். படிப்பின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் மட்டக்களப்பை விட்டுக் கொழும்புக்கும் கனடாவுக்கும் சென்ற பிள்ளைகளுக்குக் கைத்தொலைபேசியே சமையற் குரு. அக்குருவோ ஒருவர் அல்லர், பல்லாயிரவர்! எவரை நம்புவது?

கொழும்பில் தங்கிப் பயிலும் என் மருமகள் ஒருநாள் அழைத்தாள். "மாமி, சோம்பு என்றால் என்ன? வீட்டில் அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லையே!" அவள் பார்த்தது தமிழகத்தார் எழுதிய குறிப்பு. அங்கே சோம்பு, இங்கே பெருஞ்சீரகம். அங்கே எலுமிச்சம்பழம், இங்கே தேசிக்காய். நம்மவர் 'பாலை விட்டு இறக்கு' என்று எழுதினால் அது தேங்காய்ப்பால். பசும்பாலை ஊற்றினால் சொதி சொதியாகாது. ஆகவே தேடும்போது நம் சொற்களையே இட்டு, ஊர்ப் பெயரையும் சேர்த்துத் தேடுவது நன்று.

அளவும் அப்படியே. அமெரிக்கக் கோப்பை ஏறக்குறைய 240 மில்லிலீற்றர், ஆஸ்திரேலியாவில் 250, ஜப்பானில் 200. கிராமில் நிறை கூறும் குறிப்புக்கே என் வாக்கு.

சுவை கெட்டால் ஒருவேளைச் சோறுதான் போகும். மரவள்ளி விஷயம் அத்தகையதன்று. அதனுடன் இஞ்சி சேர்க்கலாகாது என்று நம் முதியோர் எச்சரிப்பர். ஆனால் நஞ்சு இஞ்சியில் இல்லை. சயனைடைப் பிறப்பிக்கும் பொருள் கிழங்கிலேயே உள்ளது. இஞ்சியைத் தவிர்த்துவிட்டோம் என்று அமைதி கொள்வதற்கில்லை. தோலுரித்து, சிறு துண்டுகளாக்கி, நிறைந்த நீரில் மூடாமல் நன்கு அவித்து, அந்நீரை வடித்துவிட வேண்டும். சொற்ப நீரில் மூடி அவித்து, அந்நீரிலேயே கறி கூட்டும் காணொளி ஒன்றைக் கண்டு திடுக்கிட்டேன். பார்த்தவர் தொகையோ பெரிது! இத்தகைய ஐயங்களுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் தளத்தில் உணவிலுள்ள இயற்கை நஞ்சுகள் பற்றிய பக்கம் உண்டு. முதலில் அதைப் பாருங்கள். பேத்தை மீனின் நஞ்சோ கொதிக்க வைத்தாலும் அழியாது. ஜப்பானில் உரிமம் பெற்ற வல்லுநர் அவ்வின மீனைச் சமைக்கின்றனர். அந்தக் காணொளி நமக்கு வேண்டாம்.

வீட்டுக் குறிப்பையும் எழுதி வையுங்கள். சென்ற விடுமுறையில் மருமகள், தாயார் 'ஒரு பிடி' என்று அள்ளிய தேங்காய்ப்பூவைப் பிடுங்கித் தராசில் இட்டாள். அறுபது கிராம். "என் கையை நிறுத்துப் பார்க்கிறாயா?" என்று அவர் அன்று மாலைவரை முகங்கொடுத்துப் பேசவில்லை.